காருக்குள் இரணியல் ஸ்டேஷன்

அக்காவுக்குப் பல்வலி என்பது எங்களுக்குத் தெரிந்ததே அவள் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்த பிறகுதான். வலிக்கிறது என்று அவள் சொல்ல மாட்டாள். எதையுமே சொல்ல மாட்டாள். அக்காவுக்கு ஆட்டிசம். என்னைவிட மூத்தவள், என்னைவிட உயரம், என்னைவிட நல்ல முடி. வாயில் வார்த்தை மட்டும் இல்லை. முதலில் சோற்றைத் தள்ளினாள், பிறகு கஞ்சியை. தண்ணீரைக்கூடத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் குடித்தாள். கன்னம் வீங்கியதும் தன் தாடையைத் தானே அடிக்க ஆரம்பித்தாள். மெதுவாக அல்ல. அம்மா அந்தக் கையைப் பிடித்தபடியே தூங்கினாள்.

நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உள்ளே சீழ் கட்டியிருக்கிறது, தாடை எலும்புக்கு இறங்கினால் பெரிய பாடாகிவிடும், மயக்கம் கொடுத்து எடுத்துவிடலாம் என்றார்கள். பார்த்தது அக்காவை அல்ல. நான் போனில் எடுத்துப்போன படத்தை. மயக்கம் கொடுக்கிற டாக்டர் வெளியூர். சில நாள்தான் வருவார். அப்படி ஒரு நாள் எங்களுக்குக் கிடைத்தது. மதியத்துக்கு மேல் கூட்டி வாருங்கள், காலையிலிருந்து வாயில் எதுவும் கொடுக்காதீர்கள் என்றார்கள். கொடுத்தாலும் அவள் தின்னப் போவதில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வேலை. அக்காவை இரணியலிலிருந்து நாகர்கோவில் வரை கொண்டுபோக வேண்டும்.

பஸ்ஸில் போனால் ஒன்றுமில்லாத தூரம். ஆனால் அக்கா பஸ்ஸில் ஏற மாட்டாள், ஆட்டோவில் ஏற மாட்டாள், வேறு யாருடைய காரிலும் ஏற மாட்டாள். ஒருமுறை காய்ச்சலுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட்டோம். நாலு பேர் பிடித்து ஏற்றினார்கள். அவள் கண்ணாடியில் தலையை இடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், அன்றைக்கு அவளைப் பிடித்தவர்களில் ஒருவன். அவன் முழங்கைக்குக் கீழே அவளுடைய பல் தடம் இன்னும் வெள்ளையாகக் கிடக்கிறது. அதற்குப் பிறகு பல மாதம் அக்கா யாரையும் தொட விடவில்லை. அம்மாவைக்கூட.

அவள் ஏறுவது எங்கள் சொந்தக் காரில் மட்டும். மஸ்கட்டிலிருந்து அப்பா பணம் அனுப்பி, பழையதாக வாங்கிய சின்ன கார். அதிலும் முன்னால் இடது சீட்டில்தான் உட்காருவாள். அதிலும் பாட்டுக் கேட்கிற செட்டில் ஸ்டேஷன் ஓட வேண்டும்.

ஸ்டேஷன் என்றால் இரணியல் ரயில்வே ஸ்டேஷன். அங்கே பிளாட்பாரத்தில் நின்று நான் போனில் பிடித்த அறிவிப்பு. பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று ஆரம்பித்து, தமிழில் ஒரு தரம், இந்தியில் ஒரு தரம், இங்கிலீஷில் ஒரு தரம். நடுவில் ஒரு காக்கா கத்தும். யாரோ ஒரு ஆள் இருமுவார். பிறகு திருவனந்தபுரம் போகிற பாசஞ்சர் இன்னும் சற்று நேரத்தில் வரும். எங்கள் காரில் அது வந்துகொண்டே இருக்கும், ஒருநாளும் வந்து சேராது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காக்கா கத்துகிற இடத்துக்காகக் காத்திருப்பாள். கத்தியதும் ஒரு சின்னச் சிரிப்பு. போனில் போட்டுக் கொடுத்தால் போனைத் தூக்கி எறிவாள். நாலு கதவிலிருந்தும் ஒருசேர வர வேண்டும், அவள் பிளாட்பாரத்தின் நடுவில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்பது.

அந்தச் செட்டு, டாக்டர் நாள் கொடுத்த அதே வாரத்தில் செத்துப் போனது. காரணம் கடல் காற்றா மழையா தெரியவில்லை. திறந்து பார்த்தேன், போர்டு பச்சை பிடித்திருந்தது. நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். ஒரு கம்பெனி வேலைக்கு எடுத்துக்கொண்டு, எப்போது வந்து சேர வேண்டும் என்று சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. வீட்டில் மிக்சி முதல் மோட்டார் வரை நான் கை வைக்காத சாமான் இல்லை. புதுச் செட்டுக்கு உடனே ஆர்டர் போட்டேன். பெரிய தொடுதிரை வைத்தது. கொரியர் இன்று நாளை என்று போக்குக் காட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அன்று காலையில்தான் வந்து சேர்ந்தது.

"நேரம் காணுமாட்டீ?" என்றாள் அம்மா.

"காணும்மா. நாலு திருகாணி, பத்து வயர். சாயா குடிக்கிற நேரம்."

இப்படித்தான் ஆரம்பித்தேன்.

டேஷ்போர்டைக் கழற்றுவதற்கு முன்பே அம்மா வந்து நின்றுவிட்டாள். அவளுக்குச் செட்டைப் பற்றிக் கவலை இல்லை. சிலுவையைப் பற்றித்தான்.

அந்தச் சிலுவையைச் சொல்ல வேண்டும். ஒருநாள் வீட்டு வாசல் கேட் பூட்டாமல் கிடந்தது, அக்கா இறங்கிப் போய்விட்டாள். குளம், கிணறு, தோப்பு என்று ஊரே தேடியது. கடைசியில் ஸ்டேஷனில், ஸ்பீக்கருக்கு நேர் கீழே, பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தண்டவாளம் பத்தடி தள்ளி. அன்றைக்கு அம்மா பொருத்தனை செய்து கர்த்தருக்கு வாக்குக் கொடுத்தாள். பிள்ளையைத் திருப்பித் தந்ததற்கு, அவளைக் கொண்டுபோகிற வண்டியில் ஒரு வெளிச்சம் அணையாமல் எரியும். ஜெபக்கூட்டம் நடந்த கன்வென்ஷன் பந்தலுக்கு வெளியே இருந்த கடையில் உள்ளங்கை உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் சிலுவை வாங்கினாள். உள்ளே குட்டி பல்புகள். சிவப்பு எரியும், பச்சையாகும், நீலமாகும், திரும்பச் சிவப்பு. போதகர் வந்து ஜெபம் பண்ணி வைத்தார். ஜங்ஷனிலிருந்து வந்த எலக்ட்ரீசியனிடம் அம்மா ஒன்றே ஒன்று சொன்னாள்: "சாவி போட்டாலும் போடாட்டாலும் இது எரியணும்." அவர் யோசிக்கவே இல்லை. செட்டுக்குப் பின்னால் எப்போதும் கரண்ட் இருக்கிற மஞ்சள் வயரில் ஒன்று, எர்த்துக்குப் போகிற கறுப்பு வயரில் ஒன்று என்று சிலுவையின் இரண்டு மெல்லிய வயர்களையும் முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது அணைந்ததில்லை. பாட்டரி இறங்காமலிருக்க நான்தான் வண்டியை அவ்வப்போது ஓட்டிவிடுவேன்.

"அணையாமப் பண்ணு மக்கா," என்றாள் அம்மா. "இன்னைக்கும் அணையாம."

பண்ணினேன். பாட்டரி டெர்மினலைக் கழற்றாமல், கரண்ட் ஓடுகிற வயரிலேயே வேலை செய்தேன். பழைய செட்டின் சாக்கெட்டிலிருந்து மஞ்சளை வெட்டி, புதுச் செட்டின் மஞ்சளோடு முறுக்கினேன், சிலுவையின் வயர் அதோடு ஒட்டிக்கொண்டே வந்தது. கறுப்பும் அப்படியே. ஸ்பீக்கர் வயர்கள் நாலு ஜோடி, ஆன்டெனா, சாவி போட்டால் கரண்ட் வருகிற சிவப்பு. நடுவில் ஒருதரம் மஞ்சளின் நுனி பிராக்கெட்டில் உரசி ஒரு பொறி. ஃபியூஸ் போனது. செட்டும் செத்தது, சிலுவையும் செத்தது. பின் சீட்டில் வந்து உட்கார்ந்திருந்த அம்மா, "கர்த்தாவே!" என்று கத்திய கத்தலில் நான் டார்ச்சைக் கீழே போட்டேன். ஹாரன் ஃபியூஸை உருவி அங்கே சொருகினேன். திரும்ப எரிந்தது. சிவப்பு.

"நாகர்கோவில் வரைக்கும் ஹாரன் இல்லாம ஓட்டப் போறியா?" என்றான் அண்ணன். துபாயில் கிரேன் ஓட்டுகிறவன், லீவில் வந்திருந்தான். கேட்டில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீ முன்னால பைக்கில போ. நீயே ஹாரன்."

"ஒனக்கு டிகிரி குடுத்தவன வரச் சொல்லுட்டீ. வந்து இத ஒட்டித் தரட்டும்."

"அண்ணா, லைட்டப் புடி. வாயப் பொத்து."

"ரெண்டும் ஒருமிச்சு முடியாது, கேட்டியா."

செட்டு எரிந்தது. பென் டிரைவைச் சொருகினேன். நாலு கதவிலிருந்தும் பயணிகளின் கனிவான கவனத்திற்கு வந்தது. நான் கையைத் தட்டிக் குதித்தேன். அம்மா போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அக்கா முன் கதவைத் தானே திறந்தாள், உட்கார்ந்தாள், கண்ணை மூடினாள்.

பிறகு இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கி வீட்டுக்குள் ஓடினாள். உள்ளேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது. தாடையில் விழுகிற சத்தம். அம்மா பின்னால் ஓடினாள்.

காரில் தனியாக உட்கார்ந்து நான் கேட்டேன். அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில், மிக மெல்லிசாக, ஒரு ஙீ. ஒலியை முழுக்கக் குறைத்தாலும் போகவில்லை. காதை ஸ்பீக்கரில் ஒட்டவைத்தால்தான் எனக்குப் பிடிபட்டது. அண்ணன் குனிந்து கேட்டுவிட்டு, "எனக்கு ஒரு சவமும் கேக்கல," என்றான்.

அக்காவுக்குக் கேட்டது. அது போதும்.

இரைச்சல் என்றால் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். இதைப் பற்றி எத்தனை வீடியோ பார்த்திருக்கிறேன்! இஞ்சின் ஓடும்போது சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் சத்தம் போடும், எர்த்து சரியில்லை என்றால் அது ஸ்பீக்கரில் கேட்கும். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். எர்த்து போல்ட்டைப் பார்த்தேன், துரு. உப்புக் காற்றில் எங்கள் பக்கம் துருப் பிடிக்காத போல்ட்டு எது? சந்தோஷமாகிவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்பு வயரை வேறொரு சுத்தமான போல்ட்டுக்கு மாற்றி முறுக்கினேன்.

ஙீ.

இஞ்சினை அணைத்தேன். அப்போதும் ஙீ. அப்படியென்றால் ஆல்டர்னேட்டர் இல்லை. பிறகு என்ன? ஆன்டெனாவைப் பிடுங்கினேன். போன் சார்ஜரைப் பிடுங்கினேன். பென் டிரைவை எடுத்துவிட்டு ரேடியோவில் வைத்தேன். பின்பக்க ஸ்பீக்கர்களைக் கழற்றினேன், மாட்டினேன். முன்பக்கத்தைக் கழற்றினேன், மாட்டினேன். கேபின் லைட்டின் பல்பைக்கூடக் கழற்றினேன். ஒவ்வொன்றுக்கும் ஒருதரம் எனக்குள் இதுதான் இதுதான் என்று ஒரு துள்ளல், பிறகு அதே மெல்லிய சத்தம். என் காதைவிட அக்காவின் காதுதான் சரியாகச் சொல்லும் என்பதால் அம்மா இன்னும் இரண்டு தடவை அவளைக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். இரண்டு தடவையும் இறங்கி ஓடினாள். நான் சரிபார்க்கிறேன் என்று செய்த ஒவ்வொரு சோதனையும் அவள் தாடையில் போய் விழுந்தது. அதற்குப் பிறகு கூப்பிடாதே என்று நானே அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தக்கலைக்கு ஓடினேன். மெயின் ரோட்டில் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடை. கடைக்காரர் மூன்று வண்டிக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"வண்டிய விட்டுட்டுப் போ பிள்ள. நாளைக்கு வைகிட்டு, பொழுது சாயும்போ வா, எடுத்துக்கலாம்."

"நாளைக்கு ஆவாது அண்ணாச்சி. இன்னும் கொஞ்ச நேரத்துல எடுக்கணும். ஆஸ்பத்திரி."

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குப் பாட்டு எதுக்கு?"

எனக்கு நின்ற இடத்திலேயே கண் நிறைந்துவிட்டது. அவர் என்னை ஒருதரம் பார்த்தார். உள்ளே போய்த் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்பு டப்பாவைக் கொண்டுவந்து கையில் வைத்தார். இரைச்சலை வடிகட்டுகிற ஃபில்டர். "மஞ்ச லைன்ல குடு. கரண்ட் வாற பக்கம் ஒண்ணு, செட்டுக்குப் போற பக்கம் ஒண்ணு. இதுல போவல்லன்னா செட்ட மாத்து."

திரும்பி வருகிற வழியில் போன். ஆஸ்பத்திரி நர்ஸ்.

"கிளம்பியாச்சா?"

"கிளம்பியாச்சு சிஸ்டர்."

"டாக்டர் வந்துட்டாங்க. இன்னைக்கு லிஸ்ட் நீளம். தாமதம் பண்ணுனா விட்டுட்டுப் போயிருவாங்க, அடுத்து எப்போன்னு எங்களால சொல்ல முடியாது."

"வந்துட்டே இருக்கோம்."

இரணியல் ஸ்டேஷனில் வருகிற பாசஞ்சர் மாதிரி.

ஃபில்டரை மாட்டினேன். பாட்டரியிலிருந்து வருகிற மஞ்சளை வெட்டி, டப்பாவின் ஒரு முனை. மறுமுனையில் செட்டுக்குப் போகிற மஞ்சள், வழக்கம் போல முறுக்கிய கட்டோடு. அவசரத்தில் டேப் என் விரலில்தான் அதிகம் சுற்றியது. சாவியைத் திருகினேன்.

ஙீ.

நான் சீட்டுக்கு அடியில் தலை, சீட்டின் மேல் கால் என்று தலைகீழாகக் கிடந்தபடியே அழுதேன். சத்தம் இல்லாமல் அழ முயன்றேன், வரவில்லை. அப்போதுதான் கேட்டில் பைக்குகள் வந்து நிற்கிற சத்தம். அண்ணனோடு ஜங்ஷனில் நிற்கிற அவனுடைய கூட்டாளிகள் மூன்று பேர். அண்ணன் கையில் ஒரு வேட்டி, நீளவாக்கில் முறுக்கியது.

"ஏட்டி, போதும். எந்திரி," என்றான். கேலி எதுவும் இல்லை அந்தக் குரலில். "நீ செய்யதச் செஞ்ச. பின் சீட்டில நடுவுல வச்சு, ரெண்டு பேரு ரெண்டு பக்கம். கையக் கெட்டிக்கிட்டா தாடையில அடிக்க மாட்டா. அவளுக்கும் நல்லதுதான்."

"அவ எறங்கிருவா அண்ணா. ஓடுற வண்டியில எறங்கிருவா."

"அதுக்குத்தான் கெட்டுகது."

"போன தடவ என்ன ஆச்சுன்னு ஒனக்குத் தெரியாதா?"

அவன் தன் முழங்கையைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்கத் தரையைப் பார்த்தான். "தெரியும். எனக்கு மட்டும் ஆசையா? பல்லு அழுகி எலும்புக்கு எறங்கட்டுமா, நீயே சொல்லு."

"கொஞ்சம் நில்லு. கொஞ்சம்," என்று மட்டும் சொன்னேன். அவன் வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய் வீட்டுப் படிக்கட்டருகே நின்றான்.

படிக்கட்டில் அக்கா உட்கார்ந்திருந்தாள். காருக்குள் வரமாட்டேன் என்கிறவள், காரைவிட்டு விலகியும் போக மாட்டேன் என்கிறாள். அது அவளுடைய ஸ்டேஷன் அல்லவா. கார்க் கதவு திறந்து கிடந்தது. அறிவிப்பை நான் நிறுத்தியிருந்தேன். செட்டு மட்டும் சும்மா ஓடிக்கொண்டிருந்தது, அந்த ஙீயோடு. தலைகீழாகக் கிடந்த என் கண்ணுக்கு நேரே அக்காவின் கைகள். காதுக்கு ஏறின. கொஞ்சம் இறங்கின. முழுக்க மடியில் விழுந்தன. திரும்ப ஏறின. காதை இறுக்கிப் பொத்தின. இறங்கின. மடியில் விழுந்தன.

யாரும் அவளிடம் பேசவில்லை. எதுவும் மாறவில்லை. பிறகு ஏன் இந்தக் கை ஏறி இறங்குகிறது?

அந்தச் சத்தம் ஒரே மாதிரி இல்லை. எனக்குத்தான் ஒரே மாதிரி.

கையூன்றி எழுந்தேன். புதுச் செட்டின் திரையில் பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்கவில்லை. அதன் மேல், டேஷ்போர்டில் நிற்கிற சிலுவையின் வெளிச்சம் விழுந்தது. நீலம். அக்காவைப் பார்த்தேன், கை காதில். சிவப்பு. கை மடியில். பச்சை. கை பாதி உயரத்தில். நீலம். காதை அடைத்துக்கொண்டாள்.

நான் எல்லாவற்றையும் பிடுங்கிப் பார்த்திருந்தேன். கேபின் லைட்டுவரை. சிலுவையைத் தவிர. அது எங்கள் வீட்டில் வயரிங்கில் சேர்ந்ததே இல்லை. ஜெபத்தில் சேர்ந்தது. கறுப்பு வயரை நான் எந்த போல்ட்டுக்குக் கொண்டுபோனாலும் அதோடு முறுக்கிக்கொண்டு அதன் வயரும் கூடவே வந்திருக்கிறது. ஃபில்டர் வைத்தபோதும் அது செட்டோடு இந்தப் பக்கமே நின்றுகொண்டது. நிறம் மாற்றுகிற அந்த மலிவான சர்க்யூட் கரண்டைப் படபடவென்று வெட்டி வெட்டி எடுக்க, நான் காலையிலிருந்து அந்தப் படபடப்பை அணையாமல் பத்திரமாகச் செட்டின் வாயிலேயே ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பழைய செட்டு அதைத் தாங்கியது. இது தாங்கவில்லை. சிலுவையைத் தனியாகப் பிரித்து, பாட்டரியிலிருந்து நேராக வேறு வயர் இழுத்துக் கொடுக்கலாம். அதற்கு பானெட்டுக்குள்ளிருந்து ஓட்டை தேடி வயரை உள்ளே கொண்டுவர வேண்டும். அந்த நேரம் எங்களிடம் இல்லை.

"அம்மா."

அம்மா அக்காவின் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள்.

"அம்மா, சத்தம் சிலுவையிலருந்து வருது."

"சிலுவையில என்னட்டீ சத்தம்?"

"அதுக்க சத்தம் நமக்குக் கேக்காது. கரண்ட் வழியா ஸ்பீக்கருக்கு வருது. அதக் கழத்துனா சத்தம் நிக்கும்." கொஞ்சம் நிறுத்தினேன். "நிக்கும்னு நெனைக்கேன். கழத்திப் பாத்தாத்தான் தெரியும்."

"அணைக்கணுமா?"

"ஆமாம்மா."

பதில் சொன்னது அண்ணன். "சித்தி, வேண்டாம்." அவன் முகம் வெளிறியிருந்தது. "அதத் தொடாண்டாம். பொருத்தனை பண்ணுனது. இன்னைக்கு மயக்கம் குடுக்கப் போற நாளு. நாங்க புடிச்சுக்கிடுகோம் சித்தி, பைய, நோவாமப் புடிச்சுக்கிடுகோம்."

அம்மா அவன் தோளில் கிடந்த வேட்டியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தது போல எனக்கு இருந்தது. பிறகு காருக்குள் வந்து அக்காவின் சீட்டில் உட்கார்ந்தாள். சேலை முந்தானையில் இரண்டு கையையும் துடைத்தாள். நான் பிளேடை எடுத்தேன்.

"நீ மாறு. பொருத்தனை பண்ணுனவ நான்தான். நானே எடுக்கேன்."

சிலுவையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். விரல் இடுக்குகளில் சிவப்பு தெரிந்தது, பச்சை தெரிந்தது. உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று என் காதில் விழவில்லை, பிறகு நானும் அவளிடம் கேட்டதில்லை. பிறகு ஒரே இழுப்பு. ஒட்டியிருந்த பசைத் தாள் கிழிகிற சத்தம், கீழே என் டேப் கட்டிலிருந்து வயர்கள் உருவிக்கொண்டு வருகிற சத்தம். நீலத்தில் அணைந்தது.

ஸ்பீக்கரில் என்ன மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. நான் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காதிலிருந்த கைகள் இறங்கின. மடியில் கிடந்தன. அங்கேயே கிடந்தன.

அறிவிப்பை ஓட விட்டேன். அவள் எழுந்து, அண்ணனைத் தாண்டி, அவனுடைய கூட்டாளிகளைத் தாண்டி நடந்து வந்தாள். அம்மா பின் சீட்டுக்கு மாறினாள். அக்கா உட்கார்ந்ததும் டேஷ்போர்டைப் பார்த்தாள். சிலுவை இருந்த இடத்தில் பசை மட்டும் சதுரமாக ஒட்டியிருந்தது. அதில் ஒரு விரலை வைத்தாள். ஒட்டியது. எடுத்தாள். திரும்ப வைத்தாள். இறங்கிவிடுவாள் என்று நினைத்தேன். காக்கா கத்தியது. அவள் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

போய்ச் சேரும்வரை அந்த விரல் பசையின் மேல்தான் இருந்தது. அண்ணன் முன்னால் பைக்கில் போய், வில்லுக்குறியிலும் பார்வதிபுரத்திலும் எனக்காக ஹாரன் அடித்தான். நான் எந்த கியரில் ஓட்டினேன் என்று நினைவில்லை. கண்ணாடியில் அம்மா தெரிந்தாள், மடியில் அணைந்த சிலுவை, அதிலிருந்து இரண்டு வயர் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா இறங்கவில்லை. நான் இதை யோசித்திருக்கவே இல்லை. காரில் ஏற்றுவதை மட்டுமே யோசித்திருந்தேன். சக்கர நாற்காலியோடு வந்த நர்ஸ் கதவைத் திறந்ததும் அக்கா சீட்டை இறுக்கிப் பிடித்தாள். கை தாடைக்குப் போனது. அண்ணன் ஒரு அடி எடுத்து வைத்தான், என்னைப் பார்த்து நின்றுவிட்டான்.

நான் உள்ளே ஓடி, மயக்கம் கொடுக்கிற டாக்டரைக் கண்டுபிடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு என்னென்னவோ சொன்னேன். ஸ்டேஷன், ஸ்பீக்கர், நீலம். அந்த டாக்டரம்மா பாதியிலேயே கையைக் காட்டி என்னை நிறுத்தினார். ஒரு தட்டில் ஊசியோடு காருக்கு வந்தார். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். நான் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் உடனே எதுவும் செய்யவில்லை. அறிவிப்பை ஒரு சுற்று முழுக்கக் கேட்டார். இருமல் வந்தபோது சிரித்தார். காக்கா கத்தி, அக்கா கண்ணை மூடின நேரத்தில் தோளில் ஊசி போட்டார். அக்கா துள்ளினாள், ஒரு தரம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தலை சாய்ந்தது. பசையிலிருந்து விரல் கழன்று விழுந்தது.

அண்ணன்தான் தூக்கினான். "ஏட்டி, தலையப் புடி. தலை, தலை," என்று அவன் சொன்ன குரல் உடைந்திருந்தது. வேட்டியை அவள்மேல் போர்த்திக்கொண்டு போனான்.

ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியதும் எனக்குச் செய்ய எதுவும் இல்லை. வெளியே வந்தேன். கார் நிறுத்துமிடத்தில் பானெட்டைத் திறந்தேன். டிக்கியில் மிச்ச வயர் இருந்தது. பாட்டரியிலிருந்து தனியாக ஒரு லைன், அதற்குத் தனி ஃபியூஸ், எர்த்தும் தனி. கிளட்ச் கேபிள் போகிற ஓட்டை வழியாக உள்ளே இழுத்தேன். எதற்குச் செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. கை சும்மா இருந்தால் அந்த மூடிய கதவு கண்ணுக்குள் வந்தது. அம்மா வெளியே வந்து, கேட்காமலே சிலுவையை நீட்டினாள். இணைத்தேன். எரிந்தது. பழைய பசையிலேயே வைத்து அழுத்தினேன்.

செட்டை ஓட விட்டு, அறிவிப்பை நிறுத்தி, காதை ஸ்பீக்கர் வலையில் ஒட்டவைத்தேன். சிவப்பு. ஒன்றும் இல்லை. பச்சை. ஒன்றும் இல்லை. நீலம். மூச்சை நிறுத்திக் கேட்டேன். ஒன்றும் இல்லை.

"போச்சா?" என்றாள் அம்மா.

"எனக்குக் கேக்கல்லம்மா."

காலையில் அண்ணனும் இதையேதான் சொன்னான், எனக்குக் கேட்கவில்லை என்று. அக்கா கண் விழித்து, வாயில் பஞ்சோடு, வீங்கின முகத்தோடு இந்தச் சீட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். வேறு எதிலும் வரமாட்டாள்.

அம்மா கையை நீட்டி அந்தச் சின்ன ஃபியூஸைத் தொட்டுக் காட்டினாள். "இதுதான? இத எடுத்தா அணையுமா?"

"ம்."

"இப்பம் எடுத்திரு. வீட்டுக்குப் போயி, அவ நல்லா இருக்கும்போ போடுவோம். அவ கையப் பாத்துக்கிட்டு."

ஃபியூஸை உருவினேன். அது ஒன்றும் சுடவில்லை, ஆனாலும் கையில் வைத்திருக்க முடியாமல் அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதை முந்தானையின் முனையில் வைத்து முடிந்துகொண்டு, அந்த மூடிய கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.